மைனா அக்காவின் பெயர்ப் பட்டியல்

விலிமைனா என்று முழுப்பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டது எங்கள் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும் ஆசிரியர் மட்டும்தான். எங்களுக்கெல்லாம் அவள் மைனா அக்கா. ஃபிஜியின் தலைநகரான சுவாவில் மைனாக்களுக்குப் பஞ்சமில்லை. பல்கலைக்கழக உணவகத்தில் நம் தட்டிலிருந்தே சிப்ஸைக் கொத்திக்கொண்டு போகும். "அதுங்களாவது வாயில ஏதாவது இருந்தா சத்தம் போடாது" என்று எங்கள் வகுப்புத் தோழன் தனியேலா சொல்வான். மைனா அக்கா மரவள்ளிக் கிழங்கை மென்றுகொண்டே பேசுவாள்.

எங்களோடு மருத்துவத் தரவுப் படிப்பில் சேர்ந்தபோது அவளுக்கு முப்பத்தாறு வயது. எனக்கும் தனியேலாவுக்கும் இருபத்தொன்று. அதற்கு முன் பதின்மூன்று வருஷம் அவள் ஒரு தீவு ஆஸ்பத்திரியில் ரெக்கார்ட் ரூம் குமாஸ்தா. நோயாளி வந்து பெயரைச் சொன்னால் அலமாரியிலிருந்து அவருடைய ஃபைலைத் தேடி எடுத்துக் கொடுக்கும் வேலை. ஏன் அதை விட்டுவிட்டுப் படிக்க வந்தாய் என்று யார் கேட்டாலும், "ஒரு தடவை சுவாவுக்குக் கப்பல்ல வந்தேன். வாந்தி. திரும்பிப் போக பயந்து இங்கேயே தங்கிட்டேன்" என்பாள். பல நாள் நானும் அதை நம்பியிருந்தேன்.

தனியேலாவின் ஊரும் அவளுடைய ஊரும் தௌவு உறவு. அதாவது பார்த்த இடத்தில் ஒருவரை ஒருவர் கேலி செய்தே ஆகவேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. சேர்க்கைக் கவுண்டரில் வரிசையில் நிற்கும்போதே அவர்கள் ஆரம்பித்துவிட்டார்கள்.

"எந்த ஊரு?" என்று கேட்டாள். அவன் சொன்னான்.

"ஐயோ பாவம். உங்க ஊருக்கு இன்னும் சோப்பு வரலைன்னாங்களே, வந்துடுச்சா?"

"வந்துச்சு. உங்க ஊர்க்காரங்க அதைத் தின்னுட்டாங்க."

அன்றிலிருந்து இருவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. நான் லம்பாசா ஊர்க்காரி, ஷயல் கவுண்டர், இந்தக் கேலிக் கணக்கில் வராத இந்திய வம்சாவளி. இவர்கள் நடுவில் உட்கார்ந்து சிரிப்பதுதான் என் வேலை.

இரண்டாம் வருஷம் ஜூன் மாதத்தில் மாணவர்களுக்கு ஹேக்கத்தான் என்ற புரோகிராம் போட்டி ஒன்றை அறிவித்தார்கள். இரண்டு நாள், காலை எட்டு முதல் மாலை ஐந்து வரை, ஒரே ஹாலில். மூன்று பேர் சேர்ந்து ஓர் அணி. எல்லோரும் வேகமாகப் புரோகிராம் எழுதுபவர்களைத் தேடி ஓடினார்கள். மைனா அக்காவை யாரும் கேட்கவில்லை. அவள் ஒரு டப்பாவில் பலுசாமி செய்து எடுத்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்தாள். தேங்காய்ப்பாலும் தகர டின் மீனும் சேம்பிலையில் மடித்து வேகவைத்தது. அந்த வாசனையில் தனியேலாவால் முடியாது என்று சொல்ல முடியவில்லை.

"எனக்குப் புரோகிராம் மெதுவாத்தான் வரும்" என்றாள்.

"தெரியும் அக்கா. உங்க ஊர்ல எல்லாமே மெதுவாத்தான் வரும்" என்றான் தனியேலா, வாய் நிறைய.

போட்டி இதுதான். இதயத்தில் அடைப்பு நீக்கிய பிறகு ரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை கொடுப்பார்கள். சிலருடைய உடலில் அந்த மாத்திரை வேலையே செய்யாது. அது அவர்களுடைய மரபணுவில் எழுதியிருக்கும் விஷயம். முன்கூட்டியே தெரிந்தால் டாக்டர் வேறு மாத்திரை கொடுக்கலாம். எங்களுக்கு மூன்று ஃபைல்கள் தந்தார்கள்: ஆஸ்பத்திரிப் பதிவு, மருந்துக்கடைப் பதிவு, மரபணுச் சோதனை முடிவு. மொத்தம் ஒன்பதாயிரம் பேர். யாருமே உண்மையான ஆட்கள் இல்லை, போட்டிக்காக உருவாக்கிய பெயர்கள். ஆனால் பதிவேடுகளில் வழக்கமாக வரும் பிழைகளை மட்டும் வேண்டுமென்றே அப்படியே விட்டிருந்தார்கள். இந்த மூன்றையும் இணைத்து, யாருக்கு மாத்திரை பலிக்காது என்று டாக்டருக்குச் சொல்லும் ஓர் அமைப்பை நாங்கள் கட்டவேண்டும்.

முதல் நாள் பதினொரு மணிக்கே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அணியின் திரையில் வண்ண வண்ண வரைபடங்கள் வந்துவிட்டன. எங்கள் திரையில் ஒரு எண்தான் இருந்தது. இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். அத்தனை பேருடைய பதிவுகள் ஒரு ஃபைலுக்கும் இன்னொன்றுக்கும் பொருந்தவில்லை.

"தூக்கிப் போட்டுடலாம்" என்றான் தனியேலா. "மிச்சம் ஆறாயிரத்துச் சொச்சம் இருக்கு. அது போதும். எல்லாரும் அதைத்தான் பண்றாங்க."

"யாரைத் தூக்கிப் போடறே?" என்றாள் மைனா அக்கா.

"பொருந்தாதவங்களை."

"அதான் யாருன்னு கேக்கறேன். பார்த்தியா?"

பார்க்கவில்லை. நான் அவர்களை ஊர்வாரியாகப் பிரித்தேன். பத்தில் ஏழு பேர் வெளித்தீவுகளின் சிறு சுகாதார நிலையங்களில் பதிவானவர்கள். சுவாக்காரர்கள் பெரும்பாலும் பத்திரமாக இருந்தார்கள்.

"பாரு" என்றாள் அக்கா. "உன் மெஷின் உங்க அம்மாவைத்தான் முதல்ல தூக்கிப் போடுது. என் அம்மாவையும். அப்புறம் இது யாருக்கு வைத்தியம் பாக்கும்? இந்த ஹாலுக்கா?"

தனியேலா முகத்தைச் சுளித்தான். ஆனால் எழுந்து போகவில்லை. "சரி, எப்படிச் சேர்க்கறது? சொல்லு" என்றான்.

அவள் பைக்குள்ளிருந்து பழுப்புக் காகிதத் தாள்களை எடுத்தாள். ரொட்டிக்கடையில் சுற்றிக் கொடுக்கும் தாள். அதில் எழுத ஆரம்பித்தாள், எழுதியபடியே பேசினாள்.

தம்பே என்று ஒரு குடும்பப் பெயர். எங்கள் ஃபிஜி எழுத்துமுறையில் 'த' ஒலிக்கு ஆங்கில 'சி', 'ம்ப' ஒலிக்கு 'பி'; அப்படி எழுதினால் நான்கே எழுத்து, 'சி'யில் தொடங்கும். அவசரத்தில் இருக்கும் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதினால் ஆறு எழுத்து, 'டி'யில் தொடங்கும். அலமாரியில் ஒன்று மேல் தட்டு, மற்றொன்று கீழ்த் தட்டு. கம்ப்யூட்டருக்கு அவர்கள் இரண்டு ஆட்கள்.

"பிறந்த தேதி ஜனவரி ஒண்ணுன்னு இருந்தா நம்பாதீங்க. தேதி தெரியாதுன்னு சொன்னா நாங்க அப்படித்தான் போடுவோம். எங்க ஊர்ல பாதிப் பேர் புத்தாண்டு அன்னிக்குப் பொறந்தவங்க. வருஷம் சரியா இருந்தா போதும்."

"நாளும் மாசமும் இடம் மாறியிருந்தா?" என்றேன்.

"அது செவ்வாய்க்கிழமை."

"என்ன செவ்வாய்க்கிழமை?"

"செவ்வாய்க்கிழமை கிளினிக்ல கூட்டம் அதிகம். கை தன்னால எழுதும், தலை வேற எங்கேயோ இருக்கும். விசிட் தேதியைப் பாரு."

நான் பார்த்தேன். தேதி இடம் மாறிய பதிவுகளில் முக்கால்வாசி செவ்வாய்க்கிழமைதான். தனியேலா எழுந்து வந்து என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "சூனியக்காரி" என்றான், மரியாதையோடு.

பிறகு எங்கள் இந்திய வம்சாவளி ஆட்களின் பெயர்கள் வந்தபோது எனக்கும் சொல்ல ஏதோ இருந்தது. என் தாத்தா ஆஸ்பத்திரி அட்டையில் கவுண்டர், பள்ளிக்கூடத்தில் கவுண்டன், வாக்காளர் பட்டியலில் கூண்டர். கல்யாணத்துக்குப் பிறகு புருஷன் பெயரை ஓர் இடத்திலும் அப்பா பெயரை இன்னோர் இடத்திலும் கொடுக்கும் அத்தைகள் எனக்கு நான்கு பேர். அதையும் தாளில் ஏற்றினோம். மாலை ஐந்து மணிக்குக் காவலாளி சாவிக்கொத்தை ஆட்டிக்கொண்டு வந்தபோது ஐந்து தாள் நிரம்பியிருந்தது. அவள் சொன்ன ஒவ்வொன்றையும் நான் விதியாக எழுதினேன், தனியேலா அதை வேகமாக ஓடவைத்தான். இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம் முந்நூறாகச் சுருங்கியது. பேருந்து நிறுத்தம் வரை மழையில் நனைந்துகொண்டே மூவரும் பாடிக்கொண்டு போனோம். அக்காவுக்கு அடிக்குரல்.

மறுநாள் காலை அமைப்பாளர்கள் எல்லா அணிக்கும் அறுபது பேருடைய சரியான விடையைத் தந்தார்கள், சரிபார்த்துக்கொள்வதற்காக. எங்களுடையதில் ஐம்பத்தெட்டு சரி.

தனியேலா மேஜையைத் தட்டிக் குதித்தான். "ஐம்பத்தெட்டு! ஜன்னலோரக் கூட்டத்துக்கு ஐம்பத்திரண்டுதான்!"

மைனா அக்கா தவறிய இரண்டை மட்டும் திரையில் திறந்து பார்த்தாள். இரண்டும் ஜோசெஃபா. ஒரே ஊர், ஒரே குடும்பப் பெயர், ஒரே பிறந்த வருஷம், இருவருக்கும் ஜனவரி ஒன்று. ஒரே தாத்தாவின் பெயரை இரண்டு பேரன்களுக்கு வைப்பது இங்கே வழக்கம். அவள் சொல்லிக்கொடுத்த விதிகள் அந்த இருவரையும் ஓர் ஆளாக ஒட்டிவிட்டன. மாத்திரை பலிக்காத ஜோசெஃபாவுக்கு மற்றவனுடைய மரபணு முடிவு போய்ச் சேர்ந்திருந்தது. 'தாராளமாகக் கொடுக்கலாம்' என்று எங்கள் அமைப்பு பச்சை விளக்குக் காட்டியது.

அவள் பேச்சை நிறுத்தினாள். பிறகு எழுந்து வராந்தாவுக்குப் போனாள்.

நான் பின்னாலேயே போனேன். மழை கூரைத் தகரத்தில் பேரிரைச்சலாக விழுந்துகொண்டிருந்தது. அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அக்கா, நிஜ ஆளுங்க இல்லையே. போட்டிக்கு வச்ச பேரு."

"தெரியும்டி." மழையைப் பார்த்தபடி சொன்னாள். "எங்க ஆஸ்பத்திரியில சலனியேட்டா ரெண்டு பேர் இருந்தாங்க. ஒரே பேரு, ஒரே வயசு. ஒருத்தி சீழ்க்காயத்தோட வந்தா. நான் ஃபைல் எடுத்துக் கொடுத்தேன். பேரைப் பார்த்தேன், எடுத்தேன், கொடுத்தேன். அது மத்தவளோட ஃபைல். வந்தவளுக்குப் பென்சிலின் ஆகாது. அது அவளோட ஃபைல்ல சிவப்புல எழுதியிருக்கு. என் கையில இருந்த ஃபைல்ல எழுதலை."

"அப்புறம்?"

"ஊசியில மருந்து ஏத்தியாச்சு. குத்தறதுக்கு முன்னால நர்ஸ் ஃபைல்ல புருஷன் பேரைப் பார்த்துட்டுச் சும்மா பேச்சுக் கொடுத்தா. 'உன் புருஷன் எப்படி இருக்கான், படகு வாங்கிட்டானா?'ன்னு. இவ சொன்னா, 'எனக்கு ஏது புருஷன்?'" மைனா அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்தாள். "அந்த ஒரு கேள்வி. அந்த நர்ஸ் வம்புக்காரியா இல்லாம நல்ல பொண்ணா இருந்திருந்தா, அன்னிக்கு ஒரு சாவு விழுந்திருக்கும்."

"யாரு திட்டினாங்க உன்னை?"

"யாரும் திட்டலை. அந்த நர்ஸைத் தவிர யாருக்கும் தெரியாது. அதான் தாங்க முடியலை. அந்த மாசமே கப்பல் ஏறிட்டேன்."

கப்பல் வாந்திக்குப் பின்னால் இதுதான் இருந்தது. எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது, கட்டிக்கொண்டேன். அவள் என் தலையில் தட்டி, "விடு, நனைஞ்ச நாய் மாதிரி நாறறே" என்றாள். உள்ளே போனோம்.

தனியேலாவிடம் அவள் சொன்னது இது: "ரெண்டு கூடை போதாது. மூணாவது ஒண்ணு வேணும். ஒரே ஆள், வேற ஆள், தெரியலை. தெரியலைன்னா மெஷின் முடிவு பண்ணக் கூடாது. அந்த ஊரு நர்ஸுக்கு ஒரு சீட்டு அனுப்பணும். 'இவங்க ரெண்டு பேரா ஒருத்தரா, கேட்டுச் சொல்லு'ன்னு."

"அக்கா, பதில் சொல்லாததுக்கெல்லாம் பூஜ்யம் போடுவாங்க. விதிமுறையில தெளிவா இருக்கு. இருநூறு பேராவது அந்தக் கூடையில விழுவாங்க. ஜெயிக்கற ஆட்டத்தைக் கைவிடச் சொல்றே."

"ஆமா."

"ஏன்?"

அவள் வராந்தாவில் சொன்னதை அவனிடம் சொல்லவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தெரியலைன்னு சொல்ல உங்க ஊர்க்காரங்களுக்கு வாய் வராது. வழி கேக்கவும் மாட்டீங்க. அதனாலதான் மீன் பிடிக்கப் போய் அடுத்தவன் தீவுல கரை ஏறி, 'இங்கதான் வரணும்னு வந்தோம்'பீங்க" என்றாள்.

தனியேலா அவளையே பார்த்தான். பிறகு வாய்விட்டுச் சிரித்தான். "என் சித்தப்பா நிஜமாவே அப்படிப் பண்ணியிருக்கார்" என்றான். சிரிப்பு அடங்கியதும் திரையிலிருந்த அந்த இரண்டு ஜோசெஃபாவையும் மறுபடி பார்த்தான். "பச்சை விளக்கு வேற எரியுது. ச்சே." நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு டைப் அடிக்க ஆரம்பித்தான். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்த ரொட்டிப் பொட்டலத்தைக்கூட ஒரு கையால்தான் தின்றான்.

மூன்று மணிக்கு ஒவ்வோர் அணியும் மேடையேறவேண்டும். ஐந்து நிமிஷம், அதற்கு மேல் மணி அடிப்பார்கள். அமைப்பு எப்படி ஓடுகிறது என்று நான் சொல்வது, எண்களைத் தனியேலா சொல்வது, முதல் ஒரு நிமிஷம் மட்டும் அக்கா என்று பிரித்திருந்தோம். இந்த ஒரு நிமிஷம் என்பது நடக்காது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அவள் மைக்கைப் பிடித்ததும் தம்பே கதையில் ஆரம்பித்தாள். செவ்வாய்க்கிழமைக்கு வந்தாள். என் தாத்தாவை மூன்று பேராக்கினாள். இரண்டரை நிமிஷம் போயிற்று. கீழேயிருந்து தனியேலா கழுத்தை அறுப்பதுபோல் கை காட்டிக்கொண்டிருந்தான். அவள் அதைக் கண்டுகொள்ளாமல் சபையைப் பார்த்து, "இந்த ஹால்ல ஜோசெஃபான்னு பேர் இருக்கறவங்க எழுந்திருங்க" என்றாள்.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு பின்வரிசையில் நர்சிங் மாணவன் ஒருவன் எழுந்தான். மேடையோரம் ஒலிபெருக்கி பார்த்துக்கொண்டிருந்த ஆள், கையில் வயரோடு, கூச்சத்தோடு நிமிர்ந்து நின்றார். ஹாலில் சிரிப்பு. மூன்றாவதாக நடுவர் மேஜையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. தலைமை நடுவர். நிகழ்ச்சி நிரலில் அவர் பெயர் டாக்டர் ஜே என்றுதான் முதலெழுத்தோடு இருந்தது. ஆறடிக்கு மேல் உயரம், நரைத்த புருவம். மெதுவாக எழுந்தார்.

ஹால் அதிர்ந்தது. மைனா அக்கா சத்தியமாக இதை எதிர்பார்க்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கேட்டீங்க, எழுந்துட்டேன்" என்றார் அவர். "இது எங்க தாத்தா பேரு. எங்க ஊர்ல இன்னும் நாலு பேர் இருக்காங்க. அதுல ஒருத்தனோட பல் எக்ஸ்ரே இன்னிக்கும் என் ஃபைல்லதான் இருக்கு. நான் பாக்கற டென்டிஸ்ட் ஒவ்வொரு தடவையும் எனக்கு இல்லாத பல்லைத் தேடறார்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. நேரம் பார்க்கும் பெண் மணி அடிக்க மறந்துபோனாள். அந்த இடைவெளியில் அக்கா மூன்றாவது கூடையைப் பற்றிச் சொன்னாள். சலனியேட்டாக்களைப் பற்றியும் சொன்னாள், நூற்றைம்பது பேர் முன்னால், 'நான்தான் அந்தக் குமாஸ்தா' என்று சேர்த்து. குரல் நடுங்கவில்லை. நானும் தனியேலாவும் மணி நினைவுக்கு வருவதற்குள் கிடைத்த ஒன்றரை நிமிஷத்தில் எங்கள் பகுதியை ரயில் வேகத்தில் ஒப்பித்தோம். இறங்கி வரும்போது தனியேலா அவள் தோளில் கை போட்டுக்கொண்டு, முதல்முறையாகக் கேலி எதுவும் சொல்லாமல் நடந்தான்.

முதல் பரிசு ஜன்னலோர அணிக்குப் போயிற்று. அவர்களுடைய வேலையும் நன்றாகவே இருந்தது. எங்களுக்கு மூன்றாவது இடம். தனியேலா சொன்ன அந்த இருநூறு பூஜ்யங்கள்தான் கீழே இழுத்தன. சான்றிதழும் ஆளுக்கொரு முதுகுப்பையும் கிடைத்தன. அக்காவின் பையில் ஜிப் சரியாக ஏறவில்லை. "மூணாவது பரிசு ஜிப்பு" என்று அவளே சிரித்தாள்.

எல்லோரும் கலையும்போது தலைமை நடுவர் எங்கள் மேஜைக்கு வந்தார். மேஜையில் பரப்பியிருந்த பழுப்புத் தாள்களை நின்றபடியே ஒன்றொன்றாகப் படித்தார். ஐந்தாவது தாளில் பலுசாமி எண்ணெய் ஊறியிருந்தது. அந்த இடத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார்.

"இதை நகல் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்குங்க டாக்டர். எண்ணெய் மட்டும் நகல்ல வராது" என்றாள் அக்கா.

"நீங்க எழுதாம விட்டது ஏதாவது இருக்கா?"

அவ்வளவுதான். அவர் உட்கார்ந்துவிட்டார். காவலாளி இரண்டு முறை சாவியை ஆட்டிப் பார்த்துவிட்டு, மூன்றாம் முறை அவரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தன் மாமியாருக்கு இருக்கும் இரண்டு பிறந்த தேதிகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்.

படிப்பு முடிந்த வாரமே அவளுக்கு வேலை வந்தது. அந்த டாக்டரும் வேறு சிலரும் சேர்ந்து, தீவுகளின் பதிவுகளை ஒன்றோடொன்று இணைக்கும் சிறிய அலுவலகம் ஒன்றைத் தொடங்கியிருந்தார்கள். ஆறு மாதம் கழித்து என்னையும் எடுத்துக்கொண்டார்கள். தனியேலா ஆக்லாந்து போய்விட்டான். வாரம் ஒருமுறை போன் செய்து, பத்து நிமிஷம் அவளைத் திட்டிவிட்டு வைப்பான். அவள் இல்லாத நேரத்தில் போன் வந்தால் என்னிடம் சொல்லித் திட்டச் சொல்வான். தௌவு உறவு இல்லாத எனக்கு அந்த உரிமை இல்லை என்று நான் மறுத்துவிடுவேன்.

அக்காவின் வேலை பெரும்பாலும் போனில்தான். கூடையில் விழுந்த பெயர்களை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுகாதார நிலையமாகக் கூப்பிடுவாள். இரண்டு நிமிஷக் கேள்வி அரைமணி நேரம் ஓடும். யாருக்குப் பிரசவம், யார் படகு கவிழ்ந்தது, எந்தப் பாதிரியார் கோபித்துக்கொண்டு போனார் எல்லாம் தெரிந்துகொண்டுதான் வைப்பாள். போன மாதம் அலுவலகத்தில் அவளுக்குக் கதவில் ஒட்ட ஒரு பெயர்ப்பலகை கொடுத்தார்கள். டேட்டா எஞ்சினியர் என்று போட்டிருந்தது. அவள் அதைப் படம் எடுத்து அம்மாவுக்கு அனுப்பினாள். அம்மா அதைப் பாதிரியாரிடம் காட்ட, அவர் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நம் ஊருக்கு ஓர் எஞ்சினியர் கிடைத்திருக்கிறாள் என்று அறிவித்துவிட்டார்.

விடுமுறைக்கு ஊருக்குப் போனவள் மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் இரண்டு படகு மோட்டார், ஒரு மர அறுவை இயந்திரம், எதிர்பார்ப்போடு ஆறு ஆண்கள். நான் அந்த மாதிரி எஞ்சினியர் இல்லை என்று எவ்வளவோ சொல்லியிருக்கிறாள். ஆறு பேரும் தன்னடக்கம் என்று பாராட்டியிருக்கிறார்கள். வேறு வழியில்லாமல் ஒரு மோட்டாரைத் திறந்து, கறுத்துப்போயிருந்த பிளக்கைக் கழற்றிப் பாவாடை நுனியால் துடைத்து மாட்டினாள். கயிற்றை இழுத்ததும் அது ஓடித் தொலைத்தது.

"கெட்டேன்டி ஷயல்" என்று ஊரிலிருந்தே எனக்குப் போன் செய்தாள். பின்னால் மோட்டார் உறுமுவதும் ஆட்கள் கைதட்டுவதும் கேட்டன. "நாளைக்குப் பக்கத்து ஊர்லேருந்து ஜெனரேட்டர் வருதாம்."